தாய்ப்பால் குழந்தைக்கு முதல் சோறு, முதல் தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எப்படி

மதுரையில் மே மாதம். பாப்பாவுக்கு நாலரை மாதம். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அத்தை வெந்நீரை ஆற்றி பாலாடையில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். "நமக்கே நாக்கு வறளுது, பச்சப்புள்ளைக்கு வறளாதா?" என்றார். கேள்வி நியாயமானதுதான். எனக்கு அப்போது பதில் தெரியாது, அதனால் கோபம் மட்டும்தான் வந்தது. அதற்குப் பிறகு படித்து, டாக்டரிடம் கேட்டு, தப்புப் பண்ணித் திருந்தித் தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். இது முழு மாதத்தில் பிறந்து ஓரளவு நன்றாக எடை கூடிவரும் குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு, எடை ஏறாத குழந்தை என்றால் கணக்கே வேறு, உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் ஏன் வேண்டாம்

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். கத்திரி வெயிலிலும் அது போதும். வெயில் கூடினால் குழந்தை அடிக்கடி பால் கேட்கும், நாம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்களில் தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மா. பால் போதுமா என்று சந்தேகம் வந்தால் தொண்டையைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள்: 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் மூச்சா போய், அது மஞ்சள் அடிக்காமல் இருந்தால் தண்ணீர்ச் சத்துக்குக் குறையில்லை.

தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும்? சின்ன வயிறு. 30 மி.லி. தண்ணீர் உள்ளே போனால் அந்த இடத்துப் பால் வெளியே நிற்கும். குழந்தை குறைவாகக் குடித்தால் மார்பில் சுரப்பும் குறையும். தண்ணீரோடும் பாலாடையோடும் கிருமி போகும், வயிற்றுப்போக்கு வரும். அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம், ஏனென்றால் அந்த வயதில் சிறுநீரகம் இன்னும் முதிரவில்லை. சர்க்கரைத் தண்ணீர், ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரை மருந்து, தெருவில் சங்கில் ஊற்றிக் கொடுக்கும் கழுதைப்பால், எல்லாம் இதே வரிசைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும் வைட்டமின் டி சொட்டும் மட்டும் விதிவிலக்கு.

அத்தையிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான்: "அத்தை, பாலிலேயே தண்ணி இருக்கு, நீங்க எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுங்க." கொடுத்தார். சண்டை அன்றைக்கு முடிந்தது.

எப்போது ஆரம்பிப்பது

உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டு வழிகாட்டுதலும் சொல்வது ஆறு மாதம், அதாவது 180 நாள். நாலாம் மாதமே கஞ்சி கொடுத்தால் ராத்திரி நன்றாகத் தூங்கும் என்பார்கள். தூக்கம் வயிறு நிறைவதால் மட்டும் வருவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் நாலாம் மாதம் கஞ்சி ஆரம்பித்த குழந்தையும் எங்கள் பாப்பாவும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே நேரத்தில்தான் அழுதார்கள்.

அதே சமயம் தள்ளிப்போடவும் கூடாது. "எனக்கு நிறையப் பால் இருக்கு, எட்டு மாதம் வரை பாலே போதும்" என்று இருந்துவிட்டால் இரும்புச் சத்தில் இடிக்கும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாத அளவில் கரைந்துவிடும், தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான்.

தேதியோடு குழந்தையையும் பார்க்க வேண்டும். கழுத்து நன்றாக நின்றிருக்க வேண்டும். கொஞ்சம் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். கரண்டி உதட்டில் பட்டதும் நாக்கு தானாக வெளியே தள்ளுவது குறைந்திருக்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது கையையே பார்க்கும், தட்டைப் பிடித்து இழுக்கும். இதெல்லாம் சேர்ந்து வந்தால் சரி. வெறும் கையைச் சப்புவது அறிகுறி இல்லை, மூன்று மாதக் குழந்தையும் சப்பும். கோயிலில் சோறு ஊட்டு வைக்க நல்ல நாள் ஐந்தாம் மாதத்தில் வந்தால் ஆறு மாதம் முடிந்த பிறகு ஒரு நாள் பார்த்துத் தாருங்கள் என்று ஜோசியரிடம் கேட்டாலே போதும், அவர் பார்த்துத் தருவார்.

முதல் நாள்

காலை பத்து மணி வாக்கில், பால் குடித்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, தூக்கமும் இல்லாமல் அகோரப் பசியும் இல்லாமல் இருக்கும் நேரம் நல்லது. பசியில் கத்தும் குழந்தைக்குக் கரண்டி எதிரி. சாயந்தரம் ஆரம்பிக்காதீர்கள், ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் ராத்திரியில் டாக்டரைத் தேட வேண்டிவரும்.

மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. ஒரு கைப்பிடி பச்சரிசி, அதில் கால் பங்கு பாசிப்பருப்பு, குக்கரில் ஆறு விசில், கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, அரை டீஸ்பூன் நெய். உப்பு இல்லை. கரண்டி நுனியில் மொச்சைக்கொட்டை அளவு எடுத்துக் கீழுதட்டில் வைத்தேன். பாப்பா என்னைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், நாக்கால் சப்பினாள், பாதி தாடையில் வழிந்தது. இரண்டு டீஸ்பூன் வைத்தேன், உள்ளே போனது முக்கால் டீஸ்பூன் இருக்கும். முதல் நாளைக்கு அது வெற்றி. அடுத்த நாள் அதே நேரம், அதே சாதம். மூன்றாம் நாள் கேழ்வரகு.

எதில் ஆரம்பிப்பது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் உண்டு, கன்னியாகுமரிப் பக்கம் ஏத்தங்காய்ப் பொடியில் கூழ் காய்ச்சுவார்கள். எது முதல் என்பது பெரிய விஷயமே இல்லை. பெரிய விஷயம் அடுத்தது.

கெட்டி

நம் வீடுகளில் ஆறு மாதத்துக்கு முன்னால் தண்ணீரைத் தனியாகக் கொடுக்கிறோம், ஆறு மாதத்துக்குப் பின்னால் அதே தண்ணீரைக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறோம். இரண்டும் ஒரே தப்பு. என் அம்மாவே பாப்பாவுக்கு முதல் வாரம் ராகிப் பால் காய்ச்சிக் கொடுத்தார்: ஒரு டீஸ்பூன் மாவு, ஒரு டம்ளர் தண்ணீர், துணியில் வடிகட்டி. பார்க்க நன்றாக இருந்தது, பாப்பாவும் மளமளவென்று குடித்தாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் மாவு மூன்று கிராம், சுமார் 10 கலோரி. அந்த டம்ளர் கஞ்சி முழுவதும் அவ்வளவுதான். 100 மி.லி. தாய்ப்பாலில் 65 கலோரிக்குக் குறையாது. அதாவது அந்தக் கஞ்சியால் வயிற்றை நிரப்பி, அதைவிட ஆறு மடங்குக்கும் மேல் சத்தான பாலை வெளியே நிறுத்தியிருக்கிறோம்! ஆறிலிருந்து எட்டு மாதத்தில் பாலுக்கு மேல் உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை, ஒன்பதிலிருந்து பதினொன்று மாதத்தில் சுமார் 300, ஒரு வயதுக்கு மேல் 550. வயிறு ஒரு வேளைக்குப் பிடிப்பதோ கிலோ எடைக்கு 30 கிராம் வாக்கில்தான். ஏழு கிலோ குழந்தைக்கு 200 கிராம். அதில் தண்ணீருக்கு இடம் ஏது?

சோதனை எளிது. கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள், ஒழுகி ஓடினால் நீர்த்தது, கரண்டியிலேயே நின்று மெதுவாக நழுவினால் சரி. புரையேறும் என்று பயப்படுவார்கள், ஆனால் மசித்த கெட்டி உணவு ஆறு மாதக் குழந்தைக்கு விழுங்க வரும்.

கேழ்வரகில் ஒரு தந்திரம் உண்டு, என் அம்மாச்சிக்குத் தெரிந்தது, இடையில் நமக்கு மறந்துபோனது. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் காயவைத்து அரைப்பது. முளைக்கும்போது வரும் ஒரு நொதி மாவுச்சத்தை உடைக்கும், அதனால் கூழ் இளகி வரும். சாதா மாவில் இரண்டு ஸ்பூன் போட்டாலே பசை மாதிரி ஆகும் இடத்தில் இதில் மூன்று, நாலு ஸ்பூன் போடலாம், அதே கிண்ணத்தில் ஒன்றரை, இரண்டு மடங்கு சத்து. இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் பொருளும் முளைகட்டினால் குறையும். கருக வறுத்தால் நொதி போய்விடும், வாசம் வரும் வரை லேசாக வறுத்தால் போதும். முளை கட்டும்போது பூஞ்சை பிடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கூவைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி இரண்டிலும் வெறும் மாவுச்சத்து, எப்போதாவது பரவாயில்லை. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவைச் சிலர் மாட்டுக்குப் போடுகிறார்கள், வாங்கிப் பயன்படுத்தலாம், அதில் வெல்லம் சேர்ந்திருப்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். டப்பா உணவு விஷம் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. இரண்டு வயது வரையுள்ள குழந்தை உணவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டமே இருக்கிறது, ஆகவே யாராவது இலவச டப்பா நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

எவ்வளவு, எத்தனை வேளை

முதல் வாரம் ஒரு வேளை, இரண்டு மூன்று ஸ்பூன். இரண்டாம் வாரம் இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் இரண்டு மூன்று வேளை, வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் அரைக் கிண்ணம். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நாலு வேளை, நடுவில் ஒரு பழமோ அவித்த கிழங்கோ. ஒரு வயதில் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம். இது இலக்கு இல்லை, திசை. பல் முளைக்கும் வாரத்தில் எங்கள் வீட்டில் மூன்று ஸ்பூனுக்கு மேல் போனதில்லை.

தாய்ப்பால் அப்படியே தொடர வேண்டும், கேட்கும்போதெல்லாம், இரவிலும். பாலுக்குப் பதிலாகச் சாப்பாடு இல்லை, பாலோடு சாப்பாடு. இரண்டு வயது வரை, அதற்கு மேலும் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் விருப்பம் இருந்தால்.

இரும்புக்காக என்ன செய்வது

சாதமும் ராகியும் மட்டும் போட்டால் வயிறு நிறையும், இரத்தம் ஏறாது. அசைவம் சாப்பிடும் வீடு என்றால் ஏழாம் மாதத்திலேயே தொடங்கலாம், ஒரு வயது வரை காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை. கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு நன்றாக வேகவைத்து சாதத்தோடு மசித்து, வாரத்துக்கு ஒரு தடவை. ஈரலில் வைட்டமின் ஏ அதிகம், தினமும் வேண்டாம். கொத்துக்கறி, முள் எடுத்த மத்தி, நெத்திலி. பால் சுரக்க சுறாப்புட்டு தின்னச் சொல்வார்கள், ஆனால் சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது. சாளை சாப்பிடுங்கள், மலிவும்கூட.

சைவ வீட்டில் பருப்பு, மசித்த கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை. கூடவே எலுமிச்சை நாலு சொட்டு, அல்லது தக்காளி, கொய்யா, நெல்லி. இவற்றில் இருக்கும் வைட்டமின் சி இல்லாமல் கீரை இரும்பில் பெரும்பகுதி வீணாகிறது. அப்புறம் டீ வேண்டவே வேண்டாம், இரும்பைத் தடுக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை 1 மி.லி. இரும்பு, ஃபோலிக் அமில சிரப் அரசுத் திட்டத்தில் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேளுங்கள், கேட்காமல் கிடைக்காது. சிரப் கொடுத்தால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம்.

முட்டை, வேர்க்கடலை

முட்டை ஒரு வயதுக்கு மேல்தான் என்ற பழைய பேச்சை விட்டுவிடுங்கள். முழுக்க வெந்த முட்டை ஆறு மாதம் முடிந்ததும் கொடுக்கலாம், மஞ்சளும் வெள்ளையும். வேர்க்கடலையும் அப்படித்தான், முழுசாக இல்லை, வறுத்து நைசாகப் பொடித்துக் கூழில் கலந்து. 2015-ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்தபோது ஒவ்வாமை ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. உங்கள் குழந்தைக்குத் தோலில் கரப்பான் (எக்ஸிமா) அதிகமாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முட்டை, வேர்க்கடலை, மீன், கோதுமை, தயிர் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பகலில், கால் ஸ்பூனில் தொடங்கி, இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பாருங்கள். வாயைச் சுற்றி லேசாகச் சிவப்பது பெரிதில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீங்குதல், விடாத வாந்தி, மூச்சில் சத்தம் என்றால் நேராக மருத்துவமனை. பூசணி, கேரட், பீர்க்கங்காய்க்கெல்லாம் இப்படி நாள் எண்ண வேண்டாம். பீட்ரூட் கொடுத்தால் துணி சிவக்கும், வாழைப்பழம் கொடுத்தால் மலத்தில் கறுப்பு நூல் மாதிரி வரும், புழு என்று நினைத்து நான் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்போது தண்ணீர்

சாப்பாடு ஆரம்பித்த அன்றே தண்ணீரும் ஆரம்பிக்கலாம். சாப்பாட்டோடு, நடுவிலோ கடைசியிலோ, இரண்டு வாய். சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். முதல் மாதத்தில் நாள் முழுவதும் சேர்த்தே 30, 60 மி.லி.க்கு மேல் எங்கள் வீட்டில் போகவில்லை. ஒரு வயதுக்குள் நாளுக்கு 120 முதல் 240 மி.லி. என்பது மேல் அளவு. குடிக்கவில்லையா, விடுங்கள், பால் இருக்கிறது. மலம் இறுகினால் மட்டும் கொஞ்சம் கூட்டி, வாழைப்பழத்தைக் குறைத்து, பப்பாளியோ ஊறிய உலர் திராட்சையை மசித்தோ கொடுங்கள்.

ஆர்.ஓ., கேன், கார்ப்பரேஷன் குழாய், எதுவானாலும் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்து, அன்றன்றைக்கு. பாட்டில் வேண்டாம், அந்த நிப்பிளைக் கழுவி முடிக்க முடியாது, மார்பைப் பிடிப்பதிலும் குழப்பம் வரும். சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். கீழுதட்டில் விளிம்பைத் தொடவைத்து, தண்ணீர் உதட்டில் படும் அளவுக்கு மட்டும் சாய்த்துப் பிடியுங்கள், நீங்கள் ஊற்றாதீர்கள், அதுவே உறிஞ்சும். முதல் பத்து நாள் சட்டை நனையும், புரையேறி இருமும், பதினோராம் நாள் டம்ளரைப் பிடுங்கும்.

பழச்சாறு ஒரு வயது வரை வேண்டாம், பழத்தை மசித்தே கொடுக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை

தேன்: ஒரு வயது வரை ஒரு துளிகூட வேண்டாம், நாக்கில் தடவுவதும், நிப்பிளில் தொட்டு வைப்பதும் சேர்த்து. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. உப்பு, சர்க்கரை, வெல்லம், கற்கண்டு ஒரு வயது வரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். "உப்பில்லாமல் எப்படித் திங்கும்?" என்பார்கள், உப்பு என்றால் என்னவென்றே தெரியாத நாக்குக்கு அது குறையாகவே தெரியாது. சர்க்கரையை இரண்டு வயது வரை தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மாட்டுப்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்கு முன் கொடுக்காதீர்கள், தயிரும் சமையலில் கொஞ்சமும் பரவாயில்லை. பாலில் ஊறிய பிஸ்கட் என்பது மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். முழுக் கடலை, முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, பச்சைக் கேரட் துண்டு, பாப்கார்ன் தொண்டையில் அடைக்கும்.

குமட்டுவது வேறு, அடைப்பது வேறு. குமட்டினால் முகம் சிவக்கும், சத்தம் வரும், இருமும், தானே துப்பும், கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அடைத்தால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சு நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து, மாறி மாறி. அடைத்த பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். இதை ஆறாம் மாதத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோரும் ஒரு பொம்மையை வைத்துப் பழகிவிடுங்கள், தாத்தாவும்.

எட்டாம் மாதத்தில் மிக்ஸியை ஓரங்கட்டுங்கள்

ஏழு மாதம் வரை நைசான மசியல் சரி. அப்புறம் கையால் மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கை தெரிய விடுங்கள். பத்து மாதத்துக்கு மேலும் மிக்ஸியில் அரைத்தே கொடுத்தால், பிறகு ஒரு பருக்கை தட்டினாலும் வாந்தி எடுக்கும் பிள்ளையோடு மல்லாட வேண்டிவரும். பல் இல்லையே என்பீர்கள், ஈறு போதும். எட்டு, ஒன்பது மாதத்தில் இட்லியை விரல் மாதிரி கீறி, வெந்த பூசணித் துண்டு, கனிந்த மாம்பழம் கையில் கொடுங்கள். தரையைத் துடைப்பது உங்கள் வேலை, தின்பது அதன் வேலை.

வாயைத் திருப்பினால் நிறுத்துங்கள். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, போனைக் காட்டி ஊட்டுவது, கரண்டியோடு தெரு முழுக்க ஓடுவது, மூன்றும் நாளடைவில் குழந்தையைச் சாப்பாட்டுக்கே எதிரியாக்கும். ஒரு காய் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட எட்டு, பத்துத் தடவையாவது கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பாப்பா பீர்க்கங்காயை ஏழு தடவை துப்பினாள், எட்டாவது தடவை என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். அளவுகோல் கிண்ணம் காலியானதா என்பது இல்லை, தாய் சேய் அட்டையில் எடைக்கோடு ஏறுகிறதா என்பது. இரண்டு மாதம் கோடு படுத்துவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிறுத்த வேண்டாம். பால் கூடுதலாக, சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, துத்தநாகம் (ஜிங்க்) ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி. 14 நாள், டாக்டர் சொல்லி. குணமான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை சேர்த்துக் கொடுங்கள், இளைத்ததைப் பிடிக்க.

ஒரு வயது நெருங்கும்போது தனிச் சமையல் தேவையில்லை. சாம்பாரில் உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் பாப்பாவின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அதை அத்தைதான் ஊட்டுவார். கூடவே அந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். "இப்பக் குடிக்கலாம்ல?" என்று என்னைப் பார்த்து ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.